மெலிந்து சுருங்கும் தோல்: ரெட்டினாலா, லாக்டிக் அமிலமா?

ஜன்னலோரம் உட்கார்ந்து கையை லேசாக மடக்கினால்தான் அது தெரியும். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே இருக்காது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது முன்கையின் வெளிப்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள், கசக்கிவிட்டு மறுபடி விரித்து வைத்த மெல்லிய தாள் மாதிரி. எனக்கு 51 வயதில் இது கண்ணில் பட்டது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு கைகளையும் வைத்து நான் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முகச்சுருக்கத்தையும் இதையும் ஒன்றாகப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம். நெற்றிக்கோடும் கண்ணோரக் கோடும் தசை மடிந்து மடிந்து விழுந்தவை. இது தோலே மெலிந்துபோவது. அடியில் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் குறைகிறது, இழுத்தால் பழைய இடத்துக்குத் திரும்ப வைக்கும் எலாஸ்டின் கெட்டுப்போகிறது. கொலாஜன் இளமை தாண்டியதிலிருந்து வருடத்துக்கு ஒரு சதவீதம் போலக் குறைந்துகொண்டு வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் மட்டும் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்பது தோல் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இருந்தாலும் வயதைவிடப் பெரிய காரணம் வெயில். மேல்கையின் உள்பக்கத்தையும் முன்கையின் வெளிப்பக்கத்தையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஒன்று வெயில் படாமல் இருந்தது, மற்றது பட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் சன்ஸ்கிரீனை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. அது எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்து, நாலரை வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோலில் கண்டுபிடிக்கும்படியான மூப்பு எதுவும் கூடவில்லை. நாம் பெரும்பாலும் முகத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். அது கசகசவென்று இருக்கிறது என்றால் முழுக்கைச் சட்டை போதும். அதைவிட நல்ல சன்ஸ்கிரீன் கிடையாது.

சரி, ஏற்கெனவே சுருங்கிய தோலுக்கு என்ன செய்வது? கொலாஜன் பொடியை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். குடிக்கும் கொலாஜன் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைந்துவிடும். அது அப்படியே முன்கையில் போய் உட்காராது. சாதகமாக வந்த ஆய்வுகளில் பலவும் சிறியவை, விற்கும் நிறுவனங்களே பணம் கொடுத்தவை. சாதாரண மாய்ஸ்சரைசர் நல்லதுதான். ஆனால் அதன் பலன் அன்றைக்கு மட்டும். மிஞ்சியவை மூன்று: வைட்டமின் ஏ வகையான ரெட்டினால், லாக்டிக் அமில லோஷன், கிளினிக்கில் செய்யும் லேசர், ரேடியோ அலை மாதிரியான சிகிச்சைகள்.

முதல் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தோல் பராமரிப்பைப் பற்றிய ஆய்வுகளில் நிறைய முகத்தில் நடந்தவை. முகத்துக்குச் சரியாக வருவது கைக்கும் வரும் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் கையிலேயே நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. 1996-ல் வந்த ஒன்றில் கிளைக்காலிக், லாக்டிக், சிட்ரிக் அமிலங்களில் ஒன்றை 25 சதவீத அளவில் ஒரு முன்கையிலும், அமிலம் இல்லாத லோஷனை மறு முன்கையிலும் சராசரியாக ஆறு மாதம் போட்டார்கள். அமிலம் போட்ட பக்கம் தோலின் தடிமன் சுமார் 25 சதவீதம் கூடியிருந்தது. 2007-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வயது முதிர்ந்தவர்களின் மேல்கை உள்பக்கத்தில் 0.4 சதவீத ரெட்டினால் லோஷனை வாரத்துக்கு மூன்று முறை வரை, 24 வாரம் போட்டார்கள். பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 87. அந்த வயதிலும் நுண்சுருக்கம் குறைந்தது, புதிய கொலாஜனுக்கான மூலப்பொருள் தோலில் கூடியது. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. எண்பத்தேழு வயதுத் தோல் பதில் சொல்கிறது என்றால் என் தோலும் சொல்லும்.

இடது முன்கைக்கு ரெட்டினால், வாரத்தில் மூன்று இரவு. வலது முன்கைக்கு 12 சதவீத லாக்டிக் அமில லோஷன், காலையும் இரவும். இரண்டு கைக்கும் பகலில் சன்ஸ்கிரீன். மாதத்தின் முதல் நாள் காலையில், அதே ஜன்னலோரம் போட்டோ.

முதல் இரண்டு மாதம் லாக்டிக் அமிலம்தான் ஜெயித்தது. பத்து நாளிலேயே வலது கை வழவழவென்று ஆனது, கோடுகள் மங்கின. இடது கை மூன்றாவது வாரத்தில் உரிந்தது. முழங்கை மடிப்பில் சிவந்து அரித்தது. வாரத்துக்கு இரண்டு இரவாகக் குறைத்து, முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால் என்று வரிசையை மாற்றிய பிறகு அடங்கியது. நான்காவது மாதப் போட்டோவில்தான் முதல் மாற்றம் தெரிந்தது. ஆறாவது மாத முடிவில் இரண்டு கைக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. அப்போது யாராவது கேட்டிருந்தால், எரிச்சலும் இல்லை, காத்திருக்கவும் வேண்டாம், லாக்டிக் அமிலமே போதும் என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம் அம்மா விழுந்துவிட்டார். ஏழு வாரம் அவர் கூடவே இருந்தேன். இரண்டு பாட்டில்களும் என் வீட்டு அலமாரியில் கிடந்தன. அந்த நாட்களில் என் கையைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தபோது வலது கை ஏறக்குறைய ஆரம்பித்த இடத்துக்கே போயிருந்தது. இடது கை கொஞ்சம் வறண்டிருந்தது, ஆனால் கோடுகள் திரும்பவில்லை. முன்கைத் தோலைக் கிள்ளிவிட்டாலும் இடது பக்கம் சட்டென்று படிந்தது. வலது பக்கம் ஒரு கணம் கூடாரம் மாதிரி நின்றது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது இந்த ஏழு வாரம்தான். மருந்து எவ்வளவு நல்லது என்பதைவிட, அதை விட்டால் எது மிஞ்சும் என்பது பெரிய கேள்வி. நாம் பேசுவது இருபது வருடப் பராமரிப்பு. அதில் காய்ச்சல் வரும், பயணம் வரும், வீட்டில் ஒருவர் படுத்துவிடுவார், சும்மாவே சலிப்பும் வரும். குறைந்த அளவு லாக்டிக் அமிலம் பெரும்பாலும் மேல்தோலில் வேலை செய்கிறது. செத்த செல்களைத் தளர்த்தி உதிர்க்கிறது, நீரைப் பிடித்து வைக்கிறது. மேல்தோல் ஒரு மாதம் போல ஒரு சுற்றில் புதுப்பித்துக்கொள்வதால் நிறுத்தியதும் பலனும் சீக்கிரம் கழிகிறது. ரெட்டினால் தோலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, கொலாஜனை உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது, அதைச் சிதைக்கும் நொதிகளையும் தணிக்கிறது. அங்கே உருவானது அவ்வளவு வேகமாகக் கரையாது. 1996 ஆய்வில் இருந்த மாதிரி 25 சதவீத அமிலம் ஆழமாகவே வேலை செய்யலாம். ஆனால் வீட்டில் வைத்துப் போடும் அளவு அது இல்லை. கடைப் பொருட்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்காவின் அழகுப்பொருள் பாதுகாப்புக் குழு சொல்கிறது. நான் போட்ட 12 சதவீதமே அதற்குச் சற்று மேல்.

அன்றாட வேலையாகப் பார்த்தாலும் ரெட்டினால் எனக்கு லேசாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு, பட்டாணியளவு இரண்டு முறை, ஒரு டியூப் பல மாதம் வருகிறது. லாக்டிக் அமிலம் தினமும் இரண்டு வேளை, கை முழுக்க. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் சுரீரென்று எரியும். தோலை வெயிலுக்குக் கூடுதலாக நோகவும் வைக்கும். நிறுத்தி ஒரு வாரம் வரை அந்தக் கூச்சம் இருக்கும். ரெட்டினால் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுவிடும். வாய் அகன்ற டப்பாவில் வருவதை வாங்காதீர்கள்.

ஆனால் என் சோதனை ஒரே ஆள், இரண்டு கை. நான் வலது கைக்காரி. சோப்பிலும் தண்ணீரிலும் வலது கைதான் அதிகம் புழங்குகிறது. அம்மாவைக் கவனித்த ஏழு வாரத்தில் அது இன்னும் கூடுதல். வலது கை சீக்கிரம் பின்வாங்கியதில் அதற்கும் பங்கிருக்கலாம்.

அதே வகையில் ரெட்டினாலைவிட வீரியமான ட்ரெட்டினாயின் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆதாரத்தில் அதற்குத்தான் முதல் இடம். 1971-ல் அமெரிக்காவில் முகப்பரு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. வெயிலால் முதிர்ந்த தோலை அது மாற்றுவதை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவரும் அவர் குழுவும் 1986-ல் எழுதினார்கள். 1995-ல் நுண்சுருக்கங்களுக்கும் அனுமதி கிடைத்தது. முகத்துக்கு என்றால் மருத்துவரைப் பார்த்து அதையே கேட்பேன். கை என்பது பெரிய பரப்பு, எரிச்சலும் அந்த அளவுக்குப் பரவும். எனக்கு ரெட்டினாலுக்கே அரித்தது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ட்ரெட்டினாயின், ரெட்டினால் இரண்டையுமே தொடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கிளினிக் சிகிச்சையை நானே செய்துகொள்ளவில்லை, அதனால் அளந்துதான் சொல்கிறேன். என் அண்ணி கழுத்துக்கு ஊசிமுனை ரேடியோ அலை சிகிச்சை மூன்று தடவை எடுத்தார். பலன் தெரிகிறது, கழுத்து இறுகியிருக்கிறது. ஆனால் வருடம் ஒருமுறை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் போடும் சன்ஸ்கிரீனும் ரெட்டினாலும் அவரை விடவில்லை. லேசரில் இன்னொரு விஷயம் உண்டு. தோல் ஆறுவதற்கு மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் முக்கியம். முகத்தில் அவை நெருக்கமாக இருக்கின்றன, கழுத்திலும் கையிலும் குறைவு. அதனால் அங்கே மெதுவாக ஆறும், வடு விழும் ஆபத்தும் கூடுதல். நம் மாதிரி மாநிறம், கருநிறத் தோலில் கருந்திட்டு விழவும் வாய்ப்பு அதிகம். எடை நிறையக் குறைந்து மேல்கைத் தோல் தொங்குகிறது என்றால் மட்டும் நிலைமை வேறு. அதை எந்தக் கிரீமும் தூக்கி நிறுத்தாது.

ரெட்டினால் யாருக்கு வேண்டாம் என்பதை அம்மாவிடம்தான் கற்றேன். அவருக்கு 80. கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நர்ஸ் பொறுமையாக உரித்தபோதே தோல் அதோடு சேர்ந்து வந்துவிட்டது, ஒரு நகம் அளவுக்கு. ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் ஆற மூன்று வாரம் பிடித்தது. பல வருடம் அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பு போட்ட கை அது. ஸ்டீராய்டு நாள்பட்டால் தோலை மெலியவைக்கும். அப்படிப்பட்ட தோலை நாமாக ரெட்டினால் போட்டு எரிச்சல்படுத்தக்கூடாது. அவருக்குக் காலையும் இரவும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் போடுகிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் இப்படி இரண்டு வேளை போட்டதில் தோல் கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நாங்கள் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு ஒரு தடவைதான் கிழிந்தது.

என் இரண்டு கைக்கும் இப்போது ரெட்டினால்தான், பதினோரு மாதமாக. மீதமிருந்த லாக்டிக் அமிலத்தைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் போடுகிறேன். அங்கே சொரசொரப்புதான் தொல்லை, அதற்கு அது அருமை. போன மாதப் போட்டோவில் வலது கை இடது கையை எட்டிவிட்டது. முழங்கைக்கு மேலே ஒரு விரற்கடை இடம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. சன்ஸ்கிரீன் பூசும்போது என் கை எட்டாமல் விட்டுப்போகிற இடம் அது.