14 மாதம் ஓடிய சப்பாத்து: நிழலில் காயாது, வெயிலில் வாய் பிளக்கும்

வேலையிடத்துத் தங்கச்சி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க ஓடுறப்ப போடுற சப்பாத்து இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா?" அன்று காலையில்தான் அதை இரண்டாம் தடவையாகத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கோபத்தில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். அது போதாது என்று பட்டதால் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் கோவிட்டுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததோடு என் ஓட்டம் நின்றது. பல வருஷம் கழித்துப் பழைய சப்பாத்தை அலமாரியிலிருந்து எடுத்தால், அடிப்பாகம் கையிலேயே உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த அடி அப்படித்தான். போடாமலே வைத்திருந்தாலும் நம் ஊர் ஈரக்காற்று அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். அப்புறம்தான் இந்தப் புதுசு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பினாங்கில் இளைஞர் பூங்காவில் தொடங்கி, தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி, தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று சுற்றித் திரும்புவேன். வாரத்துக்கு மூன்று நாள். முதல் மாதம் பாதி தூரம் நடைதான். இப்போது நிற்காமல் ஓடுகிறேன். 44 வயதில் மறுபடி ஓட வந்த என் முழங்கால் ஒரு நாளும் வலித்ததில்லை. கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் ஆகியும் மெத்தை அமுங்கவில்லை. ஓட்டச் சப்பாத்துக்கு 500 முதல் 800 வரைதான் ஆயுள் என்பார்கள்.

குதிகாலில் உள்ள மினுக்குப் பட்டையையும் சொல்ல வேண்டும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதிலிருந்து நமக்கு விடிவதே தாமதம். பிப்ரவரியில் பினாங்கில் சூரியனைப் பார்க்க ஏழரை ஆகிவிடும். ஆறு மணிக்கு ஓடும்போது கும்மிருட்டு. பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு அந்தப் பட்டையில் பட்டதும், ஓட்டுபவர் ஒதுங்கிப் போவது சத்தத்திலேயே தெரியும்.

ஆனால் அந்த ஈரம்! விடிவதற்கு முன்புதான் காற்றில் ஈரப்பதம் அதிகம். வேர்வை உலராமல் கால் வழியே இறங்கி சப்பாத்துக்குள் போய்ச் சேருகிறது. இதன் நாக்கும் குதிகால் பக்கமும் தடித்த பஞ்சு. குடித்ததைத் திருப்பித் தருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்துக் கோயில் படியேறுவேன். 513 படி. சப்பாத்தைக் கீழேயே கழற்றி விடுவேன். இறங்கி வந்து காலை மறுபடி உள்ளே விடும்போது காலுறை சில்லென்று ஒட்டும், விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கும். பதினான்கு மாதமாகியும் அது பழகவில்லை.

வீட்டு வராந்தாவில் காற்றாட வைத்தால் இரண்டு நாளாகும். மூன்றாம் நாள் நாற்றம். வெயிலில் வைத்தேன், அரை நாளில் காய்ந்தது. அடுத்த வாரமே முன்பக்கம் வாய் பிளந்தது. கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து தைக்கும் சீனப் பெரியவர் அதை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெயிலில் வைத்தாயா?" என்று மலாயில் கேட்டார். சூட்டில் பசை இளகிவிடுமாம். ஒட்டி, ஓரம் முழுக்கக் கெட்டி நூலால் தைத்துக் கொடுத்தார். இப்போது இடது காலிலும் அதே கதை. இந்த முறை வெயிலில் வைத்ததுகூட இல்லை. மழைநாள் பார்த்து மோட்டாரின் இருக்கைக்கடியில் வைத்துவிட்டேன், அந்தச் சூடே போதுமாக இருந்திருக்கிறது.

பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு தாள் திணித்தால் ஓரளவு காய்கிறது. செய்கிறேன். ஆனால் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், பிள்ளைகளுக்குப் பசியாற எடுத்து வைப்பதற்கு நடுவில், ஓடுகிற நாளெல்லாம் இதையும் செய்ய வேண்டியிருக்கிறது. வருஷம் முழுக்க ஈரமான ஊரில் விற்கும் பொருளை, அந்த ஊரில் ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு விற்கக் கூடாதா?

தங்கச்சியிடம் அன்று "வாங்காதம்மா" என்றேன். முழங்காலையும் மெத்தையையும் நினைத்துப் பார்த்த பிறகும் அதையேதான் சொல்கிறேன். நாக்கு மெல்லியதாக, வலைத்துணி அதிகமாக உள்ளதாகப் பார்த்து வாங்கு. என்னுடையது சனிக்கிழமை தைத்து வந்துவிடும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு ஓடுவேன்.