சென்னையா, ஸ்ரீரங்கமா? எங்கள் வீட்டுக் கணக்கு

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போதே என் கணவர் ஸ்ரீரங்கத்தில் வீடு தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அரை மனதுதான். மேற்கு மாம்பலத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். எந்தச் சந்தில் நுழைந்தால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மாட்டாமல் ரயில் நிலையத்துக்குப் போகலாம் என்று காலுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு வடக்குச் சித்திரை வீதிக்குக் குடிவந்து இப்போது மூன்று வருஷம் ஆகிறது. ஓய்வை நெருங்கும் பழைய அலுவலகத் தோழிகள் போனில் கேட்பது ஒரே கேள்வி: எது தேவலை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஸ்ரீரங்கம் கட்சி. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கவில்லை. கட்சி மாறியதைவிட வீடு வாங்காததற்குத்தான் காரணம் நிறைய இருக்கிறது.

சுலபமான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். வாடகையும் காய்கறியும் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதும் இங்கே குறைவான செலவு. ஆட்டோ மட்டும் மலிவில்லை, யாத்திரிகருக்குச் சொல்லும் விலையைத்தான் நமக்கும் சொல்வார்கள். ஆனால் ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கும்போது ஆட்டோ எதற்கு? சென்னையில் மெட்ரோ இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, எந்த வியாதிக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார். வெயிலில் திருச்சிதான் கடுமை, சந்தேகமே வேண்டாம். கடல் காற்றுக்காகச் சென்னைக்கு யாராவது கூடுதல் மதிப்பெண் போட்டால், அந்தக் காற்று மாம்பலம் வரைக்கும் வந்ததுண்டா என்று கேளுங்கள்.

அப்புறம், "அமைதியான கோயிலூர்" என்ற பேச்சு. இதை மார்கழியில் இங்கே வந்து சொல்லிப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து என்று மூன்று வாரம் ஊர் ஊராக இருக்காது. சொர்க்கவாசல் திறக்கும் நாளில் பால் வாங்கக்கூடத் தடுப்புக் கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதோடு விருந்தாளிகள். மாம்பலத்தில் இருந்தபோது வருஷத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். இங்கே வந்த முதல் மார்கழியில் மட்டும் பதினேழு பேர். "பெருமாளைச் சேவிக்க வந்தோம், அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போகலாம்னு..." என்ற வாக்கியத்துக்கு அர்த்தம் இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு ராத்திரிப் படுக்கை. வீட்டுச் செலவுக் கணக்கில் இதற்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்.

ஆனால் மற்ற மாதங்களில் மதியம் ஒரு மணிக்கு மேல் எங்கள் வீதியைப் பார்க்க வேண்டும். நிழல் பக்கமாக ஒரு மாடு படுத்திருக்கும். எதிர் வீட்டு மாமி திண்ணையிலேயே கண்ணசந்திருப்பார். ஐப்பசியில் அம்மா மண்டபத்துறையிலிருந்து தங்கக் குடத்தில் தீர்த்தம் யானை மேல் ஏறிக் கோயிலுக்குப் போகும். முதல் வருஷம் அதைப் பார்க்க ஓடினேன். இப்போது மணிச் சத்தம் கேட்டாலே, காபி போடும் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறேன். சென்னை மார்கழியில் சபாக்களுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அலைந்தவள்தான் நான். இங்கே அதே மார்கழியில், ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை. கூட்டத்தில் நின்று கால் வலித்ததைத் தவிர வேறு கட்டணம் இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் எங்கள் மாம்பலம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் முட்டியளவு தண்ணீர். 2019-இல், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அந்தக் கோடையில், லாரிக்காக ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதற்காக ஸ்ரீரங்கத்துக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு இது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. சில நாளிலேயே முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் அப்போது இங்கே இல்லை. வந்தபிறகு பெரிய வெள்ளம் எதையும் பார்க்கவில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்தது வங்கியில், அதிலும் கடைசிப் பதினைந்து வருஷம் வீட்டுக்கடன் பிரிவில். அடுத்தவர் பத்திரத்தைப் படித்தே கண் கெட்டுப் போனவள். இருந்தும் உத்திர வீதியில் அந்த வீட்டைப் பார்த்த அன்று, பத்திரத்தைக் கேட்கவே மறந்துவிட்டேன். ரேழி, முற்றம், கூடம், கடைசியில் கொல்லை, கொல்லையில் உறை இறக்கிய கிணறு. வாசலில் நின்று பார்த்தால் கிணற்றடித் துளசி மாடம் வரை ஒரே நேர்கோடாகத் தெரியும். என் கணவர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். விலையோ, மாம்பலம் வீட்டை விற்றால் வரும் பணத்தில் பாதிகூட இல்லை. அந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த வங்கிக்காரி விழித்துக்கொண்டாள். இவ்வளவு மலிவு எதனால்?

தரகர், "நூறு வருஷமா அவங்க அனுபவத்துல இருக்கு மேடம், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். பத்திர நகலை வாங்கிக்கொண்டு திருச்சியில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். வயதானவர். மூன்று பக்கத்தைப் புரட்டிவிட்டு ஒரு வரியின் கீழே பென்சிலை வைத்தார். "அடிமனை நீங்கலாக" என்று இருந்தது. "அம்மா, நீங்க வாங்கறது சுவரையும் கூரையையும்தான். கிணறுகூட உங்களுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

கோயிலூர்களில் வீடு வாங்க நினைப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் இந்த அடிமனை. வீடு ஒருவருடையது, அது நிற்கும் மண் கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். பல ஊர்களில் இது சின்ன வாடகையோடு அமைதியாக நடக்கும் ஏற்பாடு. ஸ்ரீரங்கத்தில் இது பெரிய தகராறு. உத்திர வீதி, சித்திரை வீதி போல, கோயில் மதில்களுக்கு உட்பட்ட வீதிகளின் மனைகள் அரங்கநாதருடையவை என்கிறது கோயில் தரப்பு. தலைமுறை தலைமுறையாக விற்றும் வாங்கியும் வரி கட்டியும் வந்த மனை எங்களுடையது என்கிறார்கள் குடியிருப்பவர்கள். வழக்கு, மனு, பேச்சுவார்த்தை என்று பல வருஷமாக இழுத்துக்கொண்டே போகிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது முடியாத வரை வாங்குகிறவர் தலையில் என்ன விழும் என்பது மட்டும் என் தொழில்.

என்ன விழும்? 1959-ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, கோயில் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. தரகர் பெருமையாகச் சொன்ன நூறு வருஷ அனுபவமும் உதவாது. கோயில் சொத்தை மீட்கப் போடும் வழக்குக்குக் காலவரம்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 109-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இருப்பதால், கோயில் சொத்து என்று குறிக்கப்பட்ட சர்வே எண்ணாக இருந்தால் பத்திரம் பதிவாகாது. பதிவாகாத வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது. நானே எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! கடன் கிடைக்காத வீட்டை நாளைக்கு யாரிடம் விற்பது? முழுத் தொகையையும் ரொக்கமாக வைத்துக்கொண்டு, மண் வேண்டாம் சுவர் போதும் என்று வருகிற ஒருவரிடம். அதாவது, நம்மைப் போல் மயங்கி நிற்கும் இன்னொருவரிடம்.

எங்களுக்கு ஒரே பையன், பெங்களூரில் இருக்கிறான். நாங்கள் போனபின் அவன் அந்த வீட்டை விற்க வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என் கணவரும் நினைத்துப் பார்த்தார், ஆனால் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

தீவு முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மதில்களைத் தாண்டி வெளியே பட்டா உள்ள மனைகளும் புது அடுக்குமாடிகளும் இருக்கின்றன. அங்கேயும் தெருப் பெயரை நம்பாமல் சர்வே எண்ணை வைத்தே பாருங்கள். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, நகர நிலஅளவைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர், இந்த இரண்டையும் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் எங்களுக்கு வெளியே போக மனமில்லை. நடந்து கோயிலுக்குப் போக முடியாவிட்டால் ஸ்ரீரங்கம் எதற்கு, மாம்பலமே போதாதா?

இந்த ஒரு விஷயத்தில் சென்னைப் பழைய வீடு எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பு இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு, லிஃப்ட் இல்லை, மொட்டை மாடி ஒழுகுகிறது, மோட்டார் வருஷத்துக்கு ஒரு தடவை காயில் போகும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப்பங்கு 600 சதுர அடி என்று எங்கள் பெயரில் தெளிவாக இருக்கிறது. கட்டடம் கிழடானாலும் மண் கிழடாகாது. பில்டர்கள் இடித்துக் கட்டித் தருவதாகக் கேட்டு வருவது அந்த மண்ணுக்காகத்தான். 2022-ஆம் வருஷத்து அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில், இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வந்துவிட்டது. எங்கள் கணக்கில் எட்டில் ஆறு பேர். ஐந்து பேர் தயார். ஆறாமவர் அமெரிக்காவில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை.

கடைசியில் செய்தது இதுதான். மாம்பலம் வீட்டை 24,000 ரூபாய் வாடகைக்கு விட்டோம். சித்திரை வீதியில் 11,000 ரூபாய்க்குத் தரைத்தள வீடு எடுத்தோம். மீதியில் சென்னைப் பராமரிப்புக் கட்டணமும் பல்லவன் ரயில் டிக்கெட்டும் அடங்கிவிடுகின்றன. காலையில் ஸ்ரீரங்கத்தில் ஏறினால் மதியம் எழும்பூர். அடிமனை யாருடையது என்ற கவலை எங்கள் வீட்டுச் சொந்தக்காரருக்கு, எங்களுக்கு இல்லை. வாடகை வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்கக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் அது கொஞ்சம் உறுத்தும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சை அதிகம் நம்பாதீர்கள். மருத்துவம். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். ஆனால் எங்களுக்கு இதுவரை சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டியவர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். தொடர் சிகிச்சை தேவைப்படும் தோழி ஒருத்தியிடம், சென்னையிலேயே இருந்துவிடு என்றுதான் நானே சொன்னேன்.

அந்த உத்திர வீதி வீடு இன்னும் விற்கவில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது என் கணவர் அதன் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். கதவிடுக்கு வழியாகக் கிணறு தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். நான் முன்னால் நடந்துபோய்த் திருப்பத்தில் காத்திருப்பேன்.