வானவர் வந்த படம்: விமர்சகர் பார்வையும் மக்கள் பார்வையும்

பிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946 டிசம்பரில் வெளியானபோது, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நடிப்பைப் பாராட்டிய நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரவுதர், மிகையான உணர்ச்சியே படத்தின் பலவீனம் என்று கருதினார். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும், முதல் வெளியீட்டில் படம் இழப்பையே சந்தித்தது. 1974-இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால், அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ் காலங்களில் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப, விமர்சகர் குறையென்று சொன்ன அதே உணர்ச்சிக்காகவே புதிய தலைமுறை அதை விரும்பிப் பார்த்தது. கிரவுதர் சொன்னது முற்றிலும் தவறன்று. விண்மீன்கள் உரையாடும் தொடக்கம் இன்றும் சற்றே குழந்தைத்தனமாகத்தான் இருக்கிறது. ஆயினும், தான் பிறந்தேயிராவிட்டால் தன் ஊர் என்னவாகியிருக்கும் என்பதை படத்தின் நாயகன் ஜார்ஜ் பெய்லி ஒரு வானவரின் துணையால் நேரில் காணும் இருண்ட பகுதியை உரிய முறையில் எடைபோட்டவர்கள் பார்வையாளர்களே.