மூன்றாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும்: சேர்த்தா, பிரித்தா?

பிள்ளையை ஸ்டேட் போர்டில் சேர்ப்பதா, சிபிஎஸ்இ-யிலா என்று பேசும்போது நீட், இந்தி, ஃபீஸ் இவற்றோடு பேச்சை முடித்துவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளையை அன்றாடம் தொடும் வேறுபாடு வேறொன்று. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புக்கு இரண்டும் கலந்த சூழ்நிலையியல்; மூன்றாம் வகுப்பு வந்ததுமே அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிந்துவிடும். சிபிஎஸ்இ-க்கான பாடநூல்களை வெளியிடும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி-யில் மூன்று முதல் ஐந்து வரை இரண்டும் ஒரே பாடம். ஆறாம் வகுப்பில்தான் பிரிகிறது.

சேர்த்துச் சொல்வதில் என்ன லாபம் என்பதற்கு 2005 தேசியக் கலைத்திட்டத்தின்படி வந்த என்சிஇஆர்டி ஐந்தாம் வகுப்பு நூலே சாட்சி. எலுமிச்சம்பழம் தண்ணீரில் மூழ்குகிறது. உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே வருகிறது. உடனே சாக்கடல்: ஒரு லிட்டர் நீரில் 300 கிராம் உப்பு. அதே பாடத்தில் 1930-இன் தண்டி யாத்திரையும் வருகிறது. கடல்நீரைக் காயவைத்தால் கிடைக்கும் உப்பை எடுக்க ஏன் தடை என்று குழந்தை அங்கேயே கேட்கும். அதே ஆண்டு ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததை நம்மூர் ஆசிரியர் சேர்த்துக்கொள்ளலாம். உப்பு அறிவியலா, வரலாறா என்ற கேள்வியே பத்து வயதுப் பிள்ளைக்கு எழாது. 2024 முதல் புதிய நூல்கள் வந்துவிட்டன என்றாலும் சேர்ப்பு முறை தொடர்கிறது.

ஆனால் என்சிஇஆர்டி-யில் வரலாறு மெலிந்து போகிறது. சோழன் யார், பாண்டியன் யார் என்று தெரியாமலே ஐந்தாம் வகுப்பை முடித்துவிடலாம். நம் நான்காம் வகுப்பு சமூக அறிவியலோ ஆற்றங்கரை அரசுகள், சங்ககால வள்ளல்கள், நகராட்சி, மாநகராட்சி என்று போகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பது ஒன்பது வயதிலேயே தெரிவது சின்ன விஷயம் அல்ல. அறிவியலிலும் பருப்பொருளின் நிலைகள், விசை என்று வரிசை இருக்கிறது. பலவீனம், காவிரி ஒரு பாடத்தில் ஓட, நீராவி இன்னொன்றில் எழுவது. இரண்டும் சந்திப்பதில்லை, இரண்டுக்கும் கேள்வி-பதில் மனப்பாடம் வேறு.

மூன்று, நான்காம் வகுப்புகளில் சேர்த்தும், ஐந்தில் பிரித்தும் சொல்லிக்கொடுப்பதே சரி என்பது என் எண்ணம். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் எடுக்கிறார். ஆகவே நூல் பிரிந்திருந்தாலும் அவரால் இணைக்க முடியும். சிபிஎஸ்இ பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வகுப்பில் நடத்துவது என்சிஇஆர்டி நூலா, தனியார் பதிப்பக நூலா? பல பள்ளிகளில் இரண்டாவதுதான். அப்படியானால் மேலே சொன்ன ஒப்பீட்டை வைத்து முடிவெடுக்காமல், அந்த நூலையே வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.