எங்கள் வளவு மாமரமும் ஆறு வருடப் பராமரிப்பும்: என் அனுபவம்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. வளவு சிறியதுதான். முன்பக்கம் ஒரு மாமரம், பின்மதிலோடு ஒரு பலா, அவ்வளவே. மாமரம் கறுத்தக்கொழும்பான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. கொழும்பு மழைக்கு அது ஊரில் காய்ப்பதுபோலக் காய்க்காது. ஆனாலும் பத்துப் பழம் கிடைத்தால் அம்மாவுக்கு அன்று திருவிழாதான்.

2019 முதல் மரப் பராமரிப்பை முறையாகப் பயின்ற ஒரு குழுவிடம் இந்த மரத்தைக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன், 2016இல், ஒழுங்கையால் போன, மரம் வெட்டும் தொழிலாளியான ஒரு பாஸைக் கூப்பிட்டு வெட்டுவித்தேன். இரண்டு வகையான வேலையையும் ஒரே மரத்தில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2016 மே மழைக்குப் பிறகு மாமரத்தின் ஒரு கிளை கூரைமேல் படர்ந்து ஓட்டோடு உரசியது. பாஸ் வந்தார். ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “எல்லாத்தையும் இறக்கிவிடுறன் அக்கா, அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்லை” என்றார். பன்னிரண்டாயிரம் ரூபாய். மலிவு என்று நினைத்தேன். அவரோடு வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். வெறுங்காலோடு ஏறினான். இடுப்பில் கயிறு இல்லை, தலையில் ஹெல்மட் இல்லை, ஒரு கையில் செயின் சோ. கீழே நின்று பார்க்கவே எனக்கு நெஞ்சு பதறியது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் குறுகுறுக்கிறது.

மூன்றாவது கிளை அவர் நினைத்த பக்கம் விழாமல் பின்பக்கத்து அஸ்பெஸ்டோஸ் கூரைச் சீற்றில் விழுந்தது. போகிற வழியில் வீட்டுக்கு வரும் கரண்ட் வயரையும் இழுத்து அறுத்தது. பையன் அப்போது அந்த வயரிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தான். காலில் ஒரு வெட்டோடு தப்பினான். அன்று மழை பெய்திருந்தால் ஈரக் கிளை வழியாகவே கரண்ட் அவனைத் தொட்டிருக்கும். மாலையில் பார்த்தால் மரத்துக்குத் தலை இல்லை. நாலு மொட்டைக் கைகளை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா அன்று திண்ணைக்கு வரவே இல்லை.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருடம் அந்த மொட்டைகளைச் சுற்றி நேர்க்குத்தாக, நெருக்கமாக, ஆள் உயரத்துக்குத் தளிர்க் கொம்புகள் கிளம்பின. “பாத்தியா, மரம் தேறிட்டுது” என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். 2018 ஒக்டோபரில் ஒரு பின்னேரம் இடியோடு மழை. அந்தக் கொம்புகளில் ஒன்று, அதற்குள் என் கை அளவு பருத்திருந்தது, அடியோடு பிடுங்கிக்கொண்டு கேற்றுக்கு மேல் விழுந்தது. மகள் டியூஷனால் வந்து கேற்றைப் பூட்டி உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடினேன். அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, சிங்கப்பூரில் எட்டு வருடம் மரப் பராமரிப்பு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு தம்பியைப் பிடித்தேன். ஐ.எஸ்.ஏ என்கிற சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ் அவரிடம் இருந்தது. அது ஒருமுறை வாங்கிச் சுவரில் மாட்டி வைக்கிற காகிதம் இல்லை. அனுபவம் காட்டி, பரீட்சை எழுதி, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சங்கத்தின் இணையத்தளத்தில் நாமே தேடிப் பார்க்கலாம். நான் பார்த்தேன்.

முதல் நாள் அவர் கத்தியே கொண்டுவரவில்லை. மரச் சுத்தியல்போல் ஒரு முட்டியும், மெல்லிய இரும்புக் கம்பியும், குறிப்புப் புத்தகமும்தான். ஒன்றரை மணித்தியாலம் பார்த்தார். மேலே பார்த்ததைவிடக் கீழே பார்த்ததுதான் அதிகம். “அக்கா, இந்த மதில் எப்ப கட்டினது?” என்றார். 2011இல் என்றேன். “அத்திவாரம் வெட்டேக்க பலாவின்ர வேரை அறுத்தவையா?” அறுத்தார்கள்தான், எனக்கு நினைவிருந்தது. பலாவின் அடியில் அரைத் தட்டுப்போல் ஒரு காளான், செம்மண்நிறத்தில், மேலே மினுமினுப்போடு நின்றது. எத்தனையோ நாள் அதைத் தாண்டி உடுப்புக் காயப்போட்டிருக்கிறேன். அவர் முட்டியால் தண்டைச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் “டங்” என்று கட்டியாகக் கேட்டது. மதில் பக்கம் பானையைத் தட்டினதுபோல் கேட்டது. வேர் பிரியும் இடத்தில் கம்பியைக் குத்தினார். சிரமமே இல்லாமல் ஒரு சாண் உள்ளே போனது. உச்சியில் இலையெல்லாம் பச்சைப்பசேல் என்றிருந்தது, காயும் இருந்தது. அந்த மரத்தின் கால் அழுகிவிட்டது என்று என்னால் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பலாவைத் தறிக்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் அனுமதி இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றும் சொன்னார். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் நம் வளவில் நின்றாலும் நாம் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலைந்து அனுமதி எடுக்கச் சில வாரங்கள் போயின. காளானின் படத்தோடு அவர் எழுதித் தந்த அறிக்கை அங்கே மிகவும் உதவியது.

2019 ஜூலையில் வேலை நடந்தது. முதலில் மின்சார சபைக்குச் சொல்லி லைனை நிறுத்தினார்கள். ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆள் நின்றது. ஹெல்மட், உடலைக் கயிற்றோடு பிணைக்கும் ஹானஸ், செயின் சோவின் சங்கிலி பட்டால் நூல்கள் பிரிந்து அதைச் சிக்க வைக்கும் காற்சட்டை என்று எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஒரு துண்டும் விழவில்லை. எல்லாத் துண்டும் கயிற்றில் ஊஞ்சல்போல் ஆடி ஆடி இறங்கியது. பக்கத்து வீட்டு ஐயா கதிரையைப் போட்டுக்கொண்டு மதியம்வரை பார்த்தார். கடைசியில் அடிமரத்தைக் குறுக்கே அறுத்தபோது நடுவில் ஒரு வாளி வைக்கிற அளவு பொந்து. அந்த மரம் அவருடைய படுக்கையறைப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமரத்துக்கு வருகிறேன். அதைக் காப்பாற்றலாம், ஆனால் ஒரே நாளில் முடியாது என்றார். நேர்க்குத்தாக வந்த கொம்புகள் உள்மரத்திலிருந்து வந்தவை இல்லையாம். மேல்பட்டைக்குப் பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம், அதனால்தான் அப்படிப் பிடுங்குப்பட்டது. அதில் நல்லதாக, இடைவெளியோடு நிற்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரு வருடத்தில் இலைப் பரப்பின் கால்வாசிக்கு மேல் எடுக்க மாட்டோம், இலைதான் அதற்குச் சமையலறை என்றார்.

அவர் ஒரு கிளையை வெட்டிய விதத்தை ஏணிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் சிறு வெட்டு. பிறகு அதைவிடக் கொஞ்சம் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை முறிந்து போனது, தண்டின் பட்டை உரியவில்லை. மிஞ்சிய குட்டையை மூன்றாவது வெட்டில் எடுத்தார். தண்டோடு ஒட்ட இல்லை, நீட்டி விட்டும் இல்லை. கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப் பட்டிபோல் ஒரு தடிப்பு இருக்கிறது, அதற்குச் சற்று வெளியே. “தார் பூசுறதில்லையா தம்பி?” என்று கேட்டேன். அப்பா எப்போதும் பூசுவார். “தேவையில்லை அக்கா. மரம் காயத்தை ஆத்துறதில்லை, மூடுறது. அந்தக் கழுத்தை விட்டு வைச்சா அதுவே மூடும்.”

அது உண்மையா என்று ஆறு வருடமாகப் பார்த்து வருகிறேன். முதல் வருடம் வெட்டு வாயைச் சுற்றி மெல்லிய உதடுபோல் ஒரு வளையம் எழும்பியது. மூன்றாவது வருடம் நடுவில் பத்து ரூபாய்க் குத்தி அளவு மட்டும் மரம் தெரிந்தது. இப்போது ஒரு கோடு மட்டும் இருக்கிறது, கண் மூடினதுபோல். அதே தண்டில் 2016இல் பாஸ் விட்ட மொட்டை ஒன்று இருந்தது. அது மூடவில்லை. கறுத்து, வெடித்து, விரலால் சுரண்டினால் தூளாகக் கொட்டியது. 2021இல் அந்தக் கையையே எடுக்க வேண்டி வந்தது.

குறைகளும் சொல்ல வேண்டும். விலை அதிகம். 2019இல் மாமரத்துக்கு மட்டும் நாற்பத்தைந்தாயிரம், 2023இல் எழுபதைத் தாண்டியது. ஒரு முறை இறக்கிய கிளை என் செம்பருத்தியை நசுக்கிவிட்டது. புயல் மழை வந்தால் எல்லோரும் ஒன்றாகக் கூப்பிடுவதால் ஒரு கிழமை காத்திருக்க நேரும். பக்கத்து வீட்டுக்கு வெயில் வர வேண்டும் என்று நான் இன்னொரு பெரிய கிளையை எடுக்கச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். அப்போது கோபம் வந்தது. எடுத்திருந்தால் மரம் ஒரு பக்கம் பாரமாகியிருக்கும் என்பது பிறகு விளங்கியது.

2022ஐ மட்டும் மறக்க மாட்டேன். பெட்ரோல் வரிசை நாட்கள். செயின் சோவுக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. நான்கு பேரும் கயிறு மூட்டைகளோடு கோச்சியில் வந்து வெள்ளவத்தையில் இறங்கி நடந்து வந்தார்கள். முழு வேலையையும் கைவாளால் முடித்தார்கள். அந்த வருடம்தான் மரம் திரும்பக் காய்த்தது. பதினேழு பழம். அம்மா முதல் பழத்தை அவர்களுக்கென்று எடுத்து வைத்தார்.

2023 ஒக்டோபர் 6, கொள்ளுப்பிட்டியில் டுப்ளிகேஷன் ரோட்டில் தெனியாய போகிற பஸ் மீது பெரிய மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். நான் அலுவலகம் போகிற வழி அது. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் மரத்தை அடியோடு தறித்தார்கள். யாரும் அவற்றைத் தட்டிப் பார்க்கவில்லை. அவற்றில் ஒரு வேம்பு எந்த நோயும் இல்லாதது, அறுத்த வட்டத்தைப் பார்த்தேன், ஓரத்திலிருந்து நடுவரை கட்டி மரம். பயத்துக்கு அந்த வேம்பு போனது. எங்கள் பலாவோ இலை பச்சையாக இருந்ததால் எட்டு வருடம் எங்களை ஏமாற்றி நின்றது.

யாரையாவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தில் சில விஷயங்களைக் கவனியுங்கள். மரத்தைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவர் வேண்டாம். “உச்சியை வெட்டிவிடுவோம்” என்பவர் வேண்டவே வேண்டாம். வெட்டாமல் வைக்கப்போகும் மரத்தில் ஆணி வைத்த சப்பாத்தோடு ஏறுபவரும் வேண்டாம், ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். அவருடைய ஆட்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த வருடம் தம்பி பெப்ரவரியில் வந்தார். வழக்கம்போல் அடியைச் சுற்றி வந்தார், முட்டியால் தட்டினார், ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு கவட்டையும் பார்த்தார். இறங்கி வந்து, “இந்த முறை வெட்ட ஒண்டும் இல்லை அக்கா” என்றார். பார்த்ததற்கான காசைக் கொடுத்தேன். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார், தம்பி பூத்திருந்த மரத்தின் கீழ் நின்று குடித்துவிட்டுப் போனார்.