அத்தைக்கு வாங்கிய பெரிய எழுத்து வேதாகமம்: மூன்று மாத அனுபவம்

அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. தெருமுனையில் வருகிற ஆளை வாசலில் இருந்தே அடையாளம் சொல்லிவிடுகிறார், ஆனால் அவருடைய பழைய வேதாகமத்தின் பொடி எழுத்து மட்டும் கண்ணாடி போட்டாலும் பிடிபடவில்லை. அதனால் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று வாங்கினேன். மூன்று மாதமாகக் காலையும் மாலையும் கையில் புழங்குகிறது, அப்பா அம்மாவுக்கு வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். எழுத்து பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கறுப்பு மை அழுத்தமாக இருக்கிறது, வசன எண்கள் தனியாகத் தெரிகின்றன. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மடியில் வைத்துப் படிக்க முடியாது, தலையணை மேல் வைத்துத்தான் படிக்க வேண்டும். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற புத்தகம் இல்லை. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து லேசாகத் தெரியும். ஏசாயாவில் இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியே இருந்தன, பிளேடு வைத்து நானே பிரித்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த புத்தகப் பெயர்ச் சீட்டுகளில் நாலைந்து முதல் மாதமே உதிர்ந்துவிட்டன.

பெரிய குறை ஒன்று உண்டு. இயேசு பேசுகிற வசனங்களைச் சிவப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மெல்லிய தாளில் அந்தச் சிவப்பு வெளிறிப்போய், டியூப்லைட் வெளிச்சத்தில் அத்தையின் கண்ணுக்கு அகப்படவே இல்லை. சங்கீதமும் ஏசாயாவும் தடையில்லாமல் படிக்கிறவர், சுவிசேஷத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். வயதானவர்களுக்கு வாங்கினால் முழுக்கக் கறுப்பு எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள், கடையிலேயே யோவான் 15-ஐத் திறந்து காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அந்த அதிகாரம் முழுவதும் சிவப்பு.

எங்கள் வீட்டில் அந்த அதிகாரத்தை நான்தான் சத்தமாகப் படித்தேன். 16ஆம் வசனம் வந்தது: "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்." பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள், "யாரு இயேசுவைத் தெரிஞ்சுக்கலை?" என்று கேட்டாள். அவள் காதில் 'அறிந்துகொள்வது' என்றுதான் விழுந்திருக்கிறது. இன்றைய தமிழில் வேறெப்படி விழும்? இந்த மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது, அந்தத் தமிழில் தெரிந்துகொள்வது என்றால் பலவற்றில் ஒன்றைத் தனக்கென்று தேர்ந்துகொள்வது. திருக்குறளில் 51ஆம் அதிகாரத்தின் பெயரே 'தெரிந்து தெளிதல்'. ஒருவனை நன்றாக ஆராய்ந்து, குணம் குற்றம் பார்த்து, தகுதி இருந்தால் மட்டும் நம்பு என்று அரசனுக்குச் சொல்கிற அதிகாரம்.

அன்று ராத்திரி இதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அரசன் ஆளைத் தெரிகிற முறை அது, சரி. கர்த்தர் இஸ்ரவேலைத் தெரிந்துகொண்டதற்கு உபாகமம் 7:7 சொல்கிற கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. நீங்கள் திரட்சியான ஜனம் என்று உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, சகல ஜனங்களிலும் கொஞ்சமாக இருந்தீர்கள் என்கிறது. அடுத்த வசனத்தில் காரணம் வருகிறது, அன்புகூர்ந்ததினால் என்று. வேறு காரணத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், பிதாக்களுக்கு, அதாவது அவர்கள் முன்னோருக்கு, செய்துகொடுத்த சத்தியம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் திருவிவிலியமும் இருக்கிறது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் இதே வசனம் "தேர்ந்து கொண்டேன்" என்று வருகிறது. மகளுக்கு அது உடனே புரிந்தது, பிள்ளைகளுக்கு அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் இரண்டிலும் இருக்கிற 'கொள்' என்கிற சின்னச் சொல்லைக் கவனியுங்கள். எடுத்தேன் என்பதற்கும் எடுத்துக்கொண்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எடுத்துக்கொண்டது எனக்கு, என்னோடு வைத்துக்கொள்ள. மூலமான கிரேக்கத்திலும் அந்த வினைச்சொல் தனக்காகத் தெரிவு செய்கிற வடிவத்தில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து பழைய மொழிபெயர்ப்பில் எங்கெங்கே 'கொள்' வருகிறது என்று பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். "உன்னை மீட்டுக்கொண்டேன்" என்று ஏசாயா 43இல். "காருணியத்தால் உன்னை இழுத்துக்கொள்ளுகிறேன்" என்று எரேமியா 31இல். அப்புறம் சங்கீதம் 27:10, "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்."

இந்தக் கடைசி வசனத்தில் கோடு போடும்போது கை நின்றுவிட்டது. நான் அத்தை வயிற்றில் பிறந்தவள் இல்லை. அம்மா தவறிய பிறகு அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார், அந்த வீட்டில் எனக்கு இடம் இல்லாமல் போனது. அப்பாவின் அக்காதான் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற நாசரேத்தில் இருந்து பஸ் ஏறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது நாலு வயது, மூக்கொழுகிக்கொண்டு, தலையெல்லாம் பேனாக, யாரிடமும் பேசாத பிள்ளையாக இருந்தேனாம். அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். பிள்ளை இல்லாத குறைக்கு என்னை எடுத்து வளர்க்கவில்லை.

ஒருநாள் மாலை ஜெபத்தில் எபேசியர் முதல் அதிகாரம் வந்தது. கறுப்பு எழுத்து, அதனால் அத்தையே விரல் வைத்துப் படித்தார். உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்டார் என்பதைப் படித்து, சற்றுக் கீழே "சுவிகாரபுத்திரராகும்படி" என்கிற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏட்டி, சுவிகாரம்னா தத்து எடுக்குறது. உன்னைய நான் கூட்டிட்டு வந்தேம்லா, அது."

நான் சின்ன வயதில் இருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "அத்தை, என்னத்தப் பாத்து என்னையக் கூட்டிட்டு வந்தீங்க?" கொஞ்ச நேரம் யோசித்தார். "என்னத்தப் பாக்க? நீ நின்ன. எனக்கு விட்டுட்டு வர மனசு வரல" என்றார். உபாகமத்தில் நான் தேடியும் கிடைக்காத காரணம் ஏன் கிடைக்கவில்லை என்று அந்த நிமிடம் புரிந்தது.

தேவன் சிலரைத் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் கதி என்ன என்று பெரிய வாக்குவாதமே உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் யோவான் 15:16இன் முதல் பாதியை மட்டும் அச்சிட்டுத் தருகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்கள் போய்க் கனிகொடுக்கும்படிக்கும்" என்று அந்த வசனம் தொடர்கிறது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களை உட்கார வைத்துக் கொஞ்சுவதோடு அது முடியவில்லை. என்னைக் கூட்டி வந்த அத்தை மறு வாரமே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, குடத்தையும் கையில் கொடுத்தார். வீட்டுப் பிள்ளை என்றால் வீட்டு வேலையும் உண்டு.

சரி, வாங்கலாமா? எழுத்துக்காகத் தாராளமாக வாங்கலாம், சிவப்பு இல்லாத பதிப்பாகப் பாருங்கள். ஜிப் உறையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது நல்லது. இன்னொன்று, முகப்பில் இருக்கிற வெற்றுத் தாள் வழவழப்பானது. பழைய வேதாகமத்தின் முன்பக்கத்தில் குடும்பத்தில் பிறந்தவர்களின் பெயர், தேதி, ஞானஸ்நானம் எல்லாம் அத்தை கையால் எழுதியிருக்கும். மூன்றாவது வரி என்னுடையது, அதில் பிறந்த தேதிக்குப் பக்கத்திலேயே வீட்டுக்கு வந்த தேதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் புதியதில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். பந்துமுனைப் பேனா வழுக்கியது, ஜெல் பேனா இழுவியது, கடைசியில் துணிக்குக் குறி போடுகிற மார்க்கர்தான் பிடித்தது. மேல் இரண்டு பெயரையும் என்னை எழுத விட்டுவிட்டு, மூன்றாவது வரிக்கு அத்தை மார்க்கரை வாங்கிக்கொண்டார்.