அம்மாவின் முட்டிக்கு வீட்டுக்கே வந்த பிசியோ: பத்து நாள் பேக்கேஜ் எப்படி?

அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது பக்கம் கொஞ்சம் கூடுதல். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பிசியோ பாருங்கள் என்றார் டாக்டர். அதற்காக மாடி இறங்கி, ஆட்டோ ஏறி, அங்கே போய் இன்னொரு மாடி ஏறினால் இருக்கிற வலியும் கூடிவிடும் என்று வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பத்து நாள் பேக்கேஜ் எடுத்தோம். பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு 500 ரூபாய்.

முதலில் வந்தவர் டென்ஸ் மெஷினை (வலிக்காகத் தோல் வழியே லேசான மின்சாரம் கொடுக்கும் கருவி) எடுத்து முட்டியைச் சுற்றி நாலு பட்டையை ஒட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு போனில் மூழ்கிவிடுவார். இருபது நிமிடம். "குறுகுறுன்னு நல்லாத்தான் இருக்கு" என்பார் அம்மா, சாயங்காலம் பழைய வலி வந்து நிற்கும். நாலு நாள் இப்படியே போனது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்: அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டி முட்டித் தேய்மானத்துக்கு டென்ஸ் வேண்டாம் என்றே சொல்கிறது, உடற்பயிற்சியைத்தான் அழுத்திப் பரிந்துரைக்கிறது. ஆளை மாற்றுங்கள் என்று போன் போட்டால், "சார், மெஷினும் சேர்த்துத்தானே பேக்கேஜ்" என்று இழுத்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு பெண் வந்தார், கையில் மெஷின் இல்லை. குளிக்கிற துண்டைக் கேட்டு வாங்கிச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "அம்மா, இதைக் கீழே அமுக்குங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தொடைத் தசை இறுகுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். இதுக்கா ஐந்நூறு என்பது போல அம்மா என்னைப் பார்த்தார். தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் தொடையின் முன்தசை பலமானால் முட்டிக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும், வலிக்குதே என்று உட்கார்ந்தே இருந்தால் தசை சூம்பிப்போய் வலி இன்னும் கூடும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்கும் அன்றுதான் புரிந்தது.

அப்புறம் படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்குவது. சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதல் நாள் கையை ஊன்றி நாலு தடவை, இப்போது ஊன்றாமல் பத்து. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் அந்த வலி நின்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றார். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கவும் தடை. அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிய அன்று வீட்டில் நடந்த சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

குறைகள் உண்டு. பதினொரு மணி என்றால் ஒரு மணிக்கு வருவார்கள். என்ன பயிற்சி, எத்தனை தடவை என்று ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை, நானே போனில் வீடியோ எடுத்து வைத்தேன். எடுப்பதாக இருந்தால் மெஷின் வேண்டாம், பயிற்சி சொல்லித் தருகிறவர்தான் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். காசு கட்டுபடியாகாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோ பார்க்கிறார்கள்.

மூன்று மாதம் ஆகிறது. படி இறங்க இன்னும் கைப்பிடி வேண்டும், ஆனால் தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்குத் தனியாகப் போய் வருகிறார். சீரியலில் விளம்பரம் வந்தால் கால் மேலே போகிறது. எண்ணிக்கையில்தான் கள்ளத்தனம், ஏழுக்கு அடுத்து பத்து.